எல்லாம் ஆணாக வேண்டிய தொட்டி

1

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை. அண்ணி காய் நறுக்கிக்கொண்டே சொன்னதைச் சுட்டது. மீன் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. மீன்முட்டைக்குள் ஊசி போட்டு, பின்னாளில் சினையாகவோ விந்தாகவோ மாறப்போகும் இனச்செல்களை மட்டும் முளையிலேயே அழித்துவிடுவார். அவை இல்லாமல் வளரும் மீன் ஒன்றுவிடாமல் ஆணாகிவிடும்.*

(*அண்ணி வளர்க்கும் வரிமீன்தான் இப்படி. வேறு சில மீன்கள் இதைச் சட்டையே செய்வதில்லையாம்.)

2

முதல் தொடக்கம்: 'ஆண்களுக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு பெண்…' வேண்டாம், இப்போதே அழுகைச் சத்தம் கேட்கிறது.

இரண்டாவது: அந்தத் தொட்டியில் ஒரு மீனுக்கு மட்டும் வயிறு உருண்டிருந்தது. இது தேறும்.

ஊசிக்குத் தப்பிச் சில செல்கள் பிழைத்திருக்கலாம். வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். அறுத்துப் பார்த்துவிடலாம் என்றார் கூட வேலை செய்பவர். அண்ணி ஒப்பவில்லை. அதை ஓர் ஆண்மீனோடு சிறு தொட்டியில் விட்டு, நடுவே தடுப்பு வைத்தார். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால், அது பெண்ணாக இருந்தால் முட்டையிடும்.

அந்தக் காலையில்தான் அண்ணிக்கு அறுவை சிகிச்சை.

3

(இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். இட்டுக்கட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.)

அண்ணிக்கு ஒரு சினைப்பையை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மற்றதிலும் கட்டி. மிஞ்சுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றுவிட்டார் டாக்டர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் இன்னும் குழந்தை இல்லை.

எனக்குக் கை பரபரத்தது. மீனையும் அண்ணியையும் சேர்த்து எழுதி அண்ணியிடமே காட்டினேன்.

"மீன் மீனாவே இருக்கட்டும். அது முட்டை போட்டா எனக்குக் குழந்தை பொறக்கும்னு முடிச்சுப் போடாத. போடலன்னா நான் என்ன பண்றது?"

முடிச்சுப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு. வேணும்னா அத எழுது. காலைல போய் அந்தத் தடுப்ப மட்டும் எடுத்துடு."

4

அண்ணன் மருத்துவமனையில். நான் மீன் அறையில். (வெளியாளை உள்ளே விடுவார்களா என்று கேட்காதீர்கள். என் கதை, விட்டார்கள்.)

முடிவு ஒன்று: தொட்டியின் அடியில் மணிமணியாக முட்டைகள். முடிவு இரண்டு: ஆண்மீன் துரத்தித் துரத்திச் சலித்துப்போகிறது. முடிவு மூன்று: முட்டைகள் இருக்கின்றன, அங்கே அண்ணிக்கும்… இல்லை. வாக்கு வாக்குதான்.

விளக்கு எரிந்தது. தடுப்பை எடுத்துவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். பார்க்கத் துணிவில்லை. வெகுநேரம் கழித்து ஃபோன் அடித்தது. அண்ணன்.

எனக்கு முட்டைகள் வேண்டும், மறைப்பானேன். ஆனால் முதலில் ஃபோனை எடுக்கப்போகிறேன். தொட்டியை நீங்கள் குனிந்து பாருங்கள். அடியில் எது இருந்தாலும், நான் பேசி முடிக்கும்வரை என்னிடம் சொல்லாதீர்கள்.