அம்பாசடர் ஏன் நிற்கிறது

சர்தார் பாயின் ஷெட்டு வாசலில் அம்பாசடர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ராயப்பேட்டைச் சந்தில் வெகு நேரமாக இன்ஜினை அணைக்காமல் விட்டுவிட்டு, மெக்கானிக் சர்தாரும் ஸ்வர்ணலதாவும் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடிவிட்டு, டாக்டரைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை மாதிரி அது பவ்யமாக இருந்தது.

“பாத்தியாமா, இப்ப எவ்ளோ சமத்தா கீது. இன்னாத்த கழட்டச் சொல்ற?” என்றார் சர்தார்.

“ரோட்டுல நிக்குது பாய். நேத்தும் நின்னுச்சு.”

“பிளக்கு மாத்தியாச்சு. காயில் மாத்தியாச்சு. கார்பரேட்டரைக் கழட்டி ஊதி மாட்டியாச்சு. சூட்டுல நிக்குதோன்னு பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி கூட சுத்திட்டேன். இதுக்கு மேல மந்திரிச்சுதான் வுடணும்.”

ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அசோகன் வருகிறார். படப்பிடிப்புகளுக்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர் அவர். அவரிடம் அம்பாசடரை விலைக்குக் கொடுத்துவிடுவது என்று அவள் கணவர் சிதம்பரநாதன் முடிவு கட்டிவிட்டார்.

போனால் போகட்டும் என்று சொல்லிவிட முடியுமா? மயிலாப்பூர் வீட்டில் இன்னொரு காரும் இருக்கிறது, கியர் போட வேண்டாத புதுக் கார். அது சிதம்பரநாதனுடையது. அதன் கதவை அவள் சற்று வேகமாகச் சாத்தினாலே அவர் முகம் சுருங்கிவிடும். அம்பாசடர் அப்படியில்லை. டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த வயதில், எல்லோரும் சிரிக்கச் சிரிக்க அவள் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. அதற்கு முன்னால் எங்கே போவதென்றாலும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும், யாராவது போய் அழைத்து வர வேண்டும். இப்போது திருவான்மியூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக அவள் யார் வாயையும் பார்ப்பதில்லை. இந்த ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்தால் மறுபடியும் பின்சீட்டுதான்.

வம்பு ஆரம்பித்தது ஆயுத பூஜைக்குப் பிறகுதான். பூஜையன்று அவள் ஊரில் இல்லை. அண்ணன் மகள் வளைகாப்புக்காகத் திருநெல்வேலி போயிருந்தாள். திரும்பி வந்தபோது சிதம்பரநாதன் தனியாளாக இரண்டு வண்டிகளுக்கும் பூஜை போட்டு முடித்திருந்தார். தி. நகரில் பாத்திரக் கடை நடத்தும் மனிதர், கடையில் எடை போடும்போது காட்டும் கறாரை அன்றைக்குச் சந்தனத்தில் காட்டவில்லை. பானெட், கதவு, சக்கரம் என்று எங்கே பார்த்தாலும் பொட்டு. அம்பாசடருக்கு இன்னும் ஒரு படி தாராளம்.

அதற்கடுத்த வாரமே அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி விக்கி விக்கி நின்றது. பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர் லாரி, அதற்குப் பின்னால் சென்னை மாநகரமே நின்று ஹாரன் அடித்தது போலிருந்தது அவளுக்கு. நல்ல மனசுக்காரர்கள் சிலர் தள்ளி ஓரங்கட்டிக் கொடுத்தார்கள். எத்தனை தரம் சாவியைத் திருகியும் வண்டிக்கு உயிர் வரவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சிதம்பரநாதன் ஓடி வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பெட்ரோல் இருக்கா?”

கேள்வி நியாயமானதுதான். அந்த வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் செத்துப் பல காலம் ஆகிறது. டேங்க் மூடியைத் திறந்து, வாயில் காதை வைத்து, வண்டியை ஓர் ஆட்டு ஆட்ட வேண்டும். உள்ளே தளும்பும் சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. சிதம்பரநாதன் ஆட்டிப் பார்த்தார். நிறையவே இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். சற்றுக் கறகறத்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டது.

“எல்லாம் கை ராசி,” என்றார்.

அந்த வார்த்தை அவளுக்கு எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது.

அதன்பிறகு மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் போனால் வண்டி தங்கமாக ஓடும். தூரமாகப் போனால் நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஆட்டோக்காரரோ, வாட்ச்மேனோ, சர்தாரோ வந்து ஏதாவது பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். “சூடு ஆறினதும் எடுத்துக்கிச்சு” என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். சிதம்பரநாதன் மட்டும் எதையும் நம்பத் தயாராக இல்லை. பாலத்தில் பார்த்த தண்ணீர் லாரி அவர் கண்ணை விட்டுப் போகவேயில்லை.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியவரிடம் அவள் பேச்சை எடுத்தாள்.

“நாளைக்கு அசோகன் வர்றதுக்கு முன்னால திருவான்மியூர் வரைக்கும் போய்ட்டு வருவோம். நீங்களும் பக்கத்துல உக்காருங்க. நிக்காம போய்ட்டு வந்துட்டா வண்டி வீட்ல இருக்கட்டும்.”

“நின்னுட்டா?”

“சாவிய உங்க கையில குடுத்துடறேன். அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது நடக்கிற காரியமா என்று சிதம்பரநாதன் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் சரி என்றார்.

அவள் விடவில்லை. அப்போதே பெட்ரோல் பங்க்குக்குப் போய் டேங்கை வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்தாள். நாளைக்கு ஏதாவது நடந்தால், பெட்ரோல் இருக்கா என்று கேட்க யாருக்கும் வாய் வரக்கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

ஞாயிறு காலை மயிலாப்பூரிலிருந்து கிளம்பினார்கள். மந்தைவெளி தாண்டியது. ராஜா அண்ணாமலைபுரம் தாண்டியது. அடையாறு பாலத்தில் ஏறியபோது சிதம்பரநாதன் டாஷ்போர்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பாலமும் தாண்டியது. ஸ்வர்ணலதா மனசுக்குள் திருவான்மியூர் மருந்தீஸ்வரருக்கு ஓர் அர்ச்சனை நேர்ந்துகொண்டாள். அர்ச்சனைக்குத் தேங்காய் வாங்குவது வரைக்கும் போன நினைப்பை, வண்டியின் விக்கல் வந்து கலைத்தது. ஒன்று. இன்னொன்று. எல்.பி. ரோட்டின் ஓரத்தில், மூடியிருந்த ஒரு கடை முன்னால் அம்பாசடர் நின்றது.

அவள் சாவியைத் திருகினாள். கறகறவென்றது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். பிடிக்கவில்லை.

“விடு லதா,” என்றார் சிதம்பரநாதன். குரலில் ஜெயித்த கர்வம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவர் கதவைத் திறந்து இறங்கினார். “பெட்ரோல் இருக்கா பாக்கறேன்.”

“நேத்து ராத்திரிதான் டேங்கை நிரப்பினேன். எதுக்குப் பாக்கணும்?”

“பாத்தா என்ன குறைஞ்சா போயிரும்?”

பழக்கத்தை மாற்ற முடியுமா? பின்னால் போய் மூடியைத் திறந்தார், காதை வைத்தார், வண்டியை ஆட்டினார், மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் வெறுப்பில் சாவியைத் திருகினாள். இரண்டு தரம் கறகறத்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டது.

ஸ்வர்ணலதா கியரைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சூடு ஆறினால் கிளம்பும் என்கிறார்களே, இப்போது சூடு எங்கே ஆறியது? வண்டி நின்று ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. இப்போது யாரும் பானெட்டைத் தொடவேயில்லை. தொட்டது ஒன்றே ஒன்றை. பாலத்திலும் இவர் அதைத்தான் தொட்டார். தங்கை வீட்டிலிருந்து திரும்பும்போது மந்தைவெளியில் நின்றதே, அன்று ஆட்டோக்காரர் வந்ததும் பெட்ரோல் கீதா என்றுதான் கேட்டார், திறந்துதான் பார்த்தார். சர்தாரும் எப்போது வந்தாலும் முதலில் போவது வண்டியின் பின்பக்கம். தேவையே இல்லாமல் திறந்து பார்த்தபோதும் கிளம்புகிறதென்றால்?

“சரி, வண்டியத் திருப்பு,” என்றார் சிதம்பரநாதன். “பேசினபடி நின்னு போச்சு. அசோகன் வந்துருவார்.”

“நின்னுச்சு. ஒத்துக்கறேன். சாவி உங்களுதுதான்.” அவள் கியரைப் போட்டாள். “ஆனா இது ஏன் நிக்குதுன்னு தெரியாம நான் இறங்க மாட்டேன்.”

“எங்க போற?”

“மறுபடி நிக்கிற வரைக்கும் போறேன்.”

இத்தனை நாள் நிற்கக்கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டியவள், இப்போது நில்லு பார்ப்போம் என்று ஓட்டினாள். திருவான்மியூர் கடந்தது. தங்கை வீட்டுத் தெரு கடந்தது. சிதம்பரநாதனின் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கமும் போய், நீலாங்கரை நெருங்கும்போது வண்டி விக்கியது. அவள் நிதானமாக இடதுபக்கம் ஒதுக்கினாள். அது நின்றது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சிதம்பரநாதன் கதவில் கை வைத்தார்.

“அசையாதீங்க,” என்றாள். “மூடியத் தொடக் கூடாது.”

திருகினாள். வரவில்லை. பக்கத்துப் பெட்டிக் கடையில் இரண்டு டீ சொல்லி, வண்டிக்குள் உட்கார்ந்தே குடித்தார்கள். மறுபடி திருகினாள். வரவில்லை. வெயில் ஏறியது. இன்ஜின் சூடெல்லாம் ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்துவிட்டு, சிதம்பரநாதன் முணுமுணுக்க முணுமுணுக்கக் காத்திருந்தாள். அதற்குப் பிறகும் வரவில்லை.

“இப்ப நீங்க வந்து பாருங்க,” என்று இறங்கினாள்.

பின்னால் போய் மூடியைத் தானே பிடித்துத் திருகினாள். அது டேங்கைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. முழு பலத்தையும் போட்டு இழுத்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டு கையோடு வந்தது. சத்தம் சிதம்பரநாதனுக்கும் கேட்டது.

“காத்து,” என்றாள். “பெட்ரோல் போகப் போக உள்ள காத்து போகணும்ல? போகல. அதான் பெட்ரோல் வர மாட்டேங்குது. மூடியத் தொறந்தா காத்து போகுது, வண்டி வருது. இத்தன நாளும் எல்லாரும் தொறந்து பாத்துப் பாத்து, சரி பண்றோம்னு தெரியாமலே சரி பண்ணியிருக்கீங்க.”

மூடியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். காற்று போவதற்காக நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளை தெரியவில்லை. அதன் மேல், வண்டி முழுக்க இருந்த பொட்டுகளோடு பொட்டாக யாரும் கவனிக்காமல் விட்ட, கட்டைவிரல் அகலத்துக்குக் காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் வெளுத்துப்போன குங்குமம்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிதம்பரநாதன் கடல் எந்தப் பக்கம் என்று தேடுகிறவர் மாதிரி வேறெங்கோ பார்த்தார்.

“மூடியில யாராவது பொட்டு வைப்பாங்களா?”

அவர் திரும்பாமலே சொன்னார்: “நீ ஊர்ல இல்ல. ஒவ்வொரு எடமா வெச்சுட்டு வந்தேன். இது பழைய வண்டி. பெட்ரோல் இருக்கிற எடம் இதான. ஏதாவது பத்திக்கிட்டு கித்திக்கிட்டா... நீதான உள்ள உக்காந்திருக்க. அதான் இங்க மட்டும் கொஞ்சம் கனமா வெச்சேன்.”

கோபப்பட வாயெடுத்தவள் கையிலிருந்த மூடியை மறுபடி பார்த்தாள். கை ராசி என்று கேலி பேசிய மனுஷன், வண்டியை விற்றே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்ற மனுஷன், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று யாருக்கும் தெரியாமல் வைத்த பொட்டு. அதுதான் பாலத்தின் நடுவில் அவளை நிறுத்தி வைத்திருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள்.

தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றினாள். முனையால் சந்தனத்தைச் சுரண்டி, துளைக்குள் விட்டுக் குத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துளை வழியே வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மூடியைப் போட்டாள். வண்டி கிளம்பியது. சர்தாருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“அப்போ ஒவ்வொரு வாட்டியும் நானே தொறந்து நானே சரி பண்ணிட்டு, அப்பால காயில மாத்திக்கினு இருந்தேனா?” என்றார் அவர். “நல்லா கீதும்மா கதை.”

வீடு வரைக்கும் வண்டி ஒரு விக்கல் கூட விக்கவில்லை. அடையாறு பாலத்தில் சிதம்பரநாதன் டாஷ்போர்டைப் பிடிக்கவில்லை என்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். வாசலில் அசோகன் காத்திருந்தார். ஸ்வர்ணலதா இன்ஜினை அணைத்து, பேசினபடி சாவியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

அசோகன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “வழியில நின்னு நின்னு போகுதுன்னு சொன்னீங்களே சார், அதுக்கேத்த மாதிரிதான் நான் ரேட்டு பேசுவேன்.”

“அது வண்டியோட கோளாறு இல்ல. நான் பண்ணின கோளாறு,” என்றார் சிதம்பரநாதன். “எங்க வீட்டம்மா கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாங்க. வண்டி குடுக்கறதா இல்லீங்க. அவங்க ஓட்டறாங்க.”

அசோகன் போன பிறகு, சாவியைத் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே போகப் போனவர் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்போ அடுத்த பூஜைக்கு எங்கதான் வைக்கிறது?”

“ஸ்டியரிங்ல வைங்க,” என்றாள் ஸ்வர்ணலதா. “என் கையில ஒட்டிக்கட்டும்.”