ஒரு கல்லூரிக்கு ஒரு கவர்

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் கீழே, அவள் மாடியில். என் வீட்டுக்காரர் மின்சாரச் சாமான் கடையில் நிற்கிறார், கொழுந்தன் வேன் ஓட்டுகிறான். வசதியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அவள் எதைத் தொட்டாலும் அது சரியாக அமைந்துவிடும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெண், என் மகள் நாலு மாதம் பெரியவள். படிப்பில் மட்டும் என் கை ஓங்கியிருந்தது. கடைசிப் பரீட்சையில் என் மகளுக்குத் தொண்ணூற்று நாலு சதவீதம், அவள் மகள் சிட்டுக்கு எண்பத்தொன்பது. அன்றைக்கு இனிப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். இனிப்புக் கொடுக்கத்தான் போனேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

கல்லூரி விஷயத்தில் நான் ஒரே முடிவாக இருந்தேன். பேர்போன அந்தப் பெரிய கல்லூரிதான். தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. இடமும் கிடைத்தது. ஆனால் அங்கே தொண்ணூற்று நாலெல்லாம் பத்தோடு பதினொன்று, ஃபீஸில் ஒரு காசு குறைக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். கடனை வாங்கியாவது கட்டலாம் என்றேன். என் மகள் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓரகத்தி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். ஃபோனில் பேசியே பழகியவள். ஒவ்வொரு கல்லூரியாகக் கூப்பிட்டாள். “போன வருஷம் சேர்ந்தவங்க மார்க் என்னங்க? எவ்வளவு மார்க்குக்கு ஃபீஸ் தள்ளுபடி? எல்லா வருஷமும் உண்டா, முதல் வருஷத்தோட சரியா?” கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? அப்படிக் கேட்டுக் கேட்டே வெளியூரில் ஒரு சின்னக் கல்லூரியைப் பிடித்துவிட்டாள். கண் பரிசோதனைப் படிப்பு. பயிற்சிக்குச் சொந்தமாகக் கண் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் விண்ணப்பிக்கிறவர்களில் முதல் மார்க்குக்கு நாலு வருடமும் முழு ஃபீஸ் தள்ளுபடி, அடுத்த மார்க்குக்குப் பாதி.

“அக்கா, பேருக்குப் பின்னாடி ஓடாம நம்ம மார்க்குக்கு எங்க மதிப்புன்னு பாக்கணும். நம்ம பெரியவளுக்கும் இதை...” என்று ஆரம்பித்தாள்.

“என் பொண்ணுக்கு அந்த நிலைமை வரல,” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன்.

இரண்டு பெண்களும் படித்த பள்ளியில் நான் குமாஸ்தா. தபால் என் பொறுப்பு. மார்க் சான்றிதழைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தி என் மேஜைக்கு அனுப்புவார். ஒரு கல்லூரிக்கு ஒரு கவர்தான். எத்தனை பேர் கேட்டிருந்தாலும் எல்லாச் சான்றிதழும் அதற்குள்ளேயே போகும். விலாசத்தைப் பதிவேட்டில் எழுதி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை அந்தச் சின்னக் கல்லூரிக்கான கவர் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சிட்டு நாலு வருடம் ஓசியில் படிக்கப்போகிறாள், நான் வட்டி கட்டப்போகிறேன். எண்பத்தொன்பதுக்கு இந்த யோகம்! கை தானாகப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். நான்தான் திறந்தேன், நான்தான் வைத்தேன், நான்தான் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ஓரகத்தி படியில் நிறுத்திக் கேட்டாள். “அக்கா, கவர் போயிடுச்சா?”

“நேத்தே போச்சு,” என்றேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது என் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அம்மா, காலேஜ்லருந்து சித்திக்கு ஃபோன் வந்துச்சு. கவர் வரவே இல்லையாம். நீ அனுப்பினியா இல்லையா?”

“சிட்டு கவருக்கு நீ ஏன்டி இப்படி ஓடி வர்ற?”

“அதுல என்னுதும் இருக்கும்மா.”

எனக்குப் புரியவே இல்லை. “என்னுதுன்னா?”

“நானும் அங்க அப்ளை பண்ணிட்டேன். எனக்கு அந்தப் படிப்புதான் வேணும். உன்கிட்ட சொன்னா குதிப்பே. சித்திதான் ஃபார்ம் போட்டுக் குடுத்தாங்க. எனக்கு முழுசு, சிட்டுக்குப் பாதிதான் வரும்னு தெரிஞ்சே போட்டாங்க.”

இழுப்பறையைத் திறந்தேன். கவர் அங்கேயே இருந்தது. என் மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கவரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். என்ன ஜென்மம் நான் பாருங்கள், பெற்ற பெண்ணின் படிப்பைப் பாழாக்கிவிட்டு, இவள் தன் மனசில் இருந்ததை ஓரகத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே என்றுதான் முதலில் குமைந்தேன்.

போய்ச் சேரும்போது மணி நாலாகப் பத்து நிமிடம். கவுண்டரில் இருந்த பெண் கவரை வாங்கி, மேலே நேரத்தை எழுதினாள். “சேர்க்கைக்கு எடுத்துக்கறேங்க. தள்ளுபடி லிஸ்ட் மூணு மணியோட முடிஞ்சிடுச்சு.”

“கொஞ்சம் மனசு வைங்கம்மா. பிள்ளைங்க மேல தப்பே இல்ல.”

“எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க,” என்றாள். என் மேஜைக்கு எதிரில் நின்று கெஞ்சியவர்களிடம் நானும் இதையே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஓரகத்தி என் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். சிட்டுவின் கண்கள் சிவந்திருந்தன. “இந்தத் தபால்காரங்களைச் சும்மா விடக்கூடாதுக்கா. நாளைக்கே போய் ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுக்கறேன்,” என்றாள் ஓரகத்தி.

தலையை ஆட்டியிருந்தால் போதும், அவள் நம்பியிருப்பாள். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தபால்காரங்க இல்ல. நான்தான் அனுப்பல. சிட்டுக்குக் கிடைக்கக்கூடாதுன்னு பூட்டி வச்சுட்டேன்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாலு வருஷம்க்கா. ரெண்டு பிள்ளைங்களுக்கும். அப்படி உங்களுக்கு நான் என்னக்கா செஞ்சேன்?”

ஒன்றுமே செய்யவில்லை.

என் மகள் என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சித்தி, ஃபீஸ் தள்ளுபடி குடுக்கற இன்னும் ரெண்டு காலேஜுக்கு நாள் இருக்குன்னு சொன்னீங்கல்ல. நாளைக்கே அப்ளை பண்ணிடலாம். சர்டிபிகேட் கவரை ஹெட்மிஸ்கிட்ட கேட்டு நாமளே நேரா வாங்கிட்டுப் போயிடலாம். அம்மா டேபிளுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க.”