தேத்தண்ணிக்கடையில் விட்ட வியாபாரி

நப்லாவுக்கு அந்தக் கோட்டைக்குள் போகப் பயமில்லை. தனியாகப் போக மனமில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்தில் அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் றினாஸ் சவூதியிலிருந்து கொண்டுவந்த ரீவி கேம் அது. கார் ஓட்டுகிற விளையாட்டாக இருந்திருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து குந்தியிருப்பார்கள். இதுவோ மூன்று பேர் ஊர் ஊராக நடந்து, எல்லாரோடும் கதைத்து, பேய்களை அடித்து, கடைசியில் கோட்டைக்குள் ஒரு கறுப்பு நாகத்தைக் கொல்லும் நீட்டுக் கதை. எல்லாம் இங்கிலீசில் எழுதித்தான் வரும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் இருந்தது. நப்லா வாசித்துச் சொல்வாள், றினாஸ் அடிப்பான்.

நப்லா வாள்காரி. தீ எறிகிற மந்திரக்காரிக்கு உம்மாவின் பேரை வைத்தார்கள். உம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் கேம் கெசட் அடுப்புக்குள் போயிருக்கும். றினாஸ் தனக்கு வியாபாரி வேலையைத் தெரிந்தெடுத்தான். கல்முனைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? கூட்டத்தில் ஆள் சேர்ப்பதும் விடுவதும் அந்த விளையாட்டில் ஒரு சாராயக்கடையில். அந்தப் பேர் வாயில் வரக்கூடாதென்று இருவரும் அதைத் தேத்தண்ணிக்கடை என்றே சொன்னார்கள். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லுமுன் விளையாட்டைப் பதிந்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். நாகம் சாகிற தறுவாயில் இருந்தாலும், வாங்கு கேட்டால் உம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. றினாஸ் சவூதி வெயிலில் காய்ந்து அனுப்பிய காசில்தான் நப்லாவுக்கு இந்தக் கல்வீடு எழும்பியது. பூச்சு காயுமுன் அவன் மருதமுனையில் கல்யாணம் முடித்துப் போய்விட்டான். மருதமுனை என்ன, சைக்கிளில் போய் வருகிற தூரம். பின்னேரங்களில் காக்கா விளையாட வருவார் என்று இந்தப் பேதை நம்பியிருந்தாள். பெண் வீட்டாரோ புது மாப்பிள்ளையை விருந்தும் உபசாரமுமாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நப்லா கோட்டைக்கு வெளியே சில்லறைப் பேய்களை அடித்தபடி காத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, றினாஸ் மனைவி கமீலாவோடு வந்தான். உம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் நல்ல கோப்பைகளை எடுத்தார். மகனுக்கு. நப்லாவுக்கு அதைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது.

“காக்கா, கோட்டைக்குப் போவமா? ஒங்களுக்காகத்தான் இவ்வளவு நாளும் போகாம இரிக்கன்.”

றினாஸ் கமீலாவைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தான். “நீ வெளையாடு புள்ள, நான் பாக்கன்.”

அவளே உள்ளே போனாள். முதல் அடியிலேயே வியாபாரி விழுந்தான்.

“அவன ஏன் கா இழுத்துக்கிட்டுத் திரியிறாய்? தேத்தண்ணிக்கடையில உட்டுட்டுப் போ. மூணு பேருக்குப் பிரியிற பலம் ரெண்டு பேருக்குக் கிடைக்கும்.”

“அது நீங்க, காக்கா.”

“தொடக்கத்திலதான் அவனால புரயோசனம். இனி ஒனக்கு அவன் பாரம்.”

அவன் விளையாட்டைத்தான் சொன்னான், பாவம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, “மாமி சாப்பாட்டோட பாத்துக்கிட்டு இரிப்பா” என்று எழும்பினான். உம்மா மருமகளிடம், “அடிக்கடி வாங்க மகள்” என்றார்.

அவர்கள் போனபின் நப்லா கோப்பைகளைக் கழுவி வைத்தாள். பிறகு ரீவிக்கு முன்னால் வந்து இருந்து, மூன்று பேரையும் தேத்தண்ணிக்கடைக்குக் கூட்டிப் போனாள். யாரை விடப்போகிறாய் என்று கடைக்காரன் கேட்டான். காட்டினாள். நிச்சயமாகவா என்று திரும்பவும் கேட்டான். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, ஓம் என்று அழுத்தினாள். வியாபாரி போய் ஒரு மூலையில் நின்றான்.

காக்கா சொன்னது அப்படியே நடந்தது. அடிக்க அடிக்க அவளுக்கும் மந்திரக்காரிக்கும் பலம் மளமளவென்று ஏறியது. நாலைந்து பின்னேரத்தில் நாகமும் செத்தது. பாட்டு ஒலித்தது, ராசா வந்து பெரிய நன்றியெல்லாம் சொன்னார். நப்லா அதை வாய்விட்டு வாசித்தாள். காக்கா இல்லாமல் இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.