வாஷிங் மெஷின் பக்கத்தில் சாப்பாடு

அக்கா, போன வாரம் நான் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உனக்குக் கோபம். ‘மச்சான் வாயைப் பூட்டிக்கிட்டான்’ என்று மாமா வேறு கிண்டல் செய்தாராம். பேச முடியாத காரணம் ஒன்று இருந்தது. இப்போது அது சரியாகிவிட்டதால் முழுவதும் சொல்கிறேன். அவருக்கும் படித்துக் காட்டு. சிரித்தால் சிரிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குழந்தையை நர்ஸிடம் கூட்டிப் போனோம். ஆறு மாதம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பால் தவிர வேறு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்கத்தான் போனோம். எங்கள் மேனேஜர் என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நர்ஸைக் கணக்கு கேட்பதுபோல முறைத்தாள். பிறந்த நாளிலிருந்து எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறாள். அதனால்தான் அந்தப் பெயர்.

நர்ஸ் அவள் இடுப்பை லேசாகப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்தார். தலை ஆடவில்லை. சுத்தமான காலி ஸ்பூனை உதட்டில் வைத்தார். நாக்கு அதை வெளியே தள்ளவில்லை. எனக்குப் பரீட்சையில் பாஸானதுபோல இருந்தது.

“நல்லா உக்கார்றா. நாக்கும் தள்ளல. நீங்க சாப்பிடும்போது என்ன பண்றா? எட்டிப் பிடிக்க வர்றாளா, வாயைத் திறக்குறாளா?”

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஒண்ணும் பண்றதில்லங்க” என்றாள் இவள்.

“கண்ணாலயாவது கவனிக்கிறாளா?”

“இல்லங்க. அந்தப் பக்கமே பாக்குறதில்ல.”

நர்ஸ் ஏதோ எழுதினார். “பரவாயில்ல, சில குழந்தைங்க கொஞ்சம் மெதுவா வருவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் என் காதில் விழுந்தது ‘டாக்டர்’ மட்டும்தான். பஸ்ஸில் வரும்போது இவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். நான் குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே வந்தேன். பத்து விரலும் இருந்தது. உள்ளே ஏதாவது குறை இருந்தால் எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். குழந்தைக்கு இன்னும் சாப்பாட்டில் நாட்டமே இல்லை என்று மட்டும் சொன்னேன். “நீ ஏழு மாசத்துல அப்பாவோட செருப்பைக் கடிச்சுத் தின்னவன்டா, உன் பொண்ணா சாப்பிடாமப் போயிடுவா?” என்றாய். செருப்பையாவது மேனேஜர் ஆசையாகப் பார்த்தால் தேவலை என்று நினைத்தேன். அதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று “அப்புறம் பேசறேன்க்கா” என்று வைத்துவிட்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் வீட்டில் சோதனை நடந்தது. காலிக் கிண்ணத்தைக் காட்டினேன், திரும்பிக்கொண்டாள். கேரட் படம் போட்ட பாக்கெட்டைக் காட்டினேன், பிடுங்கிக் கசக்கினாள். பாக்கெட் சத்தம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. ஸ்பூனைக் கையில் கொடுத்தேன், என் மூக்கில் அடித்தாள். வேலையிலும் மனசு நிற்கவில்லை. ஒரு கடைக்குக் கண்ணாடிக் கதவு மாட்டப் போய், கைப்பிடியை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றி மாட்டிவிட்டு, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். இதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது.

அவளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். தொட்டிலிலிருந்து அப்படியே பார்த்தாள். அந்த வயசில் அவள் மின்விசிறியையும் அப்படித்தான் பார்ப்பாள். ஆனால் எனக்கு அந்த வாய் ரொட்டி உள்ளே இறங்கவில்லை. பச்சைக்குழந்தையைப் பார்க்கவைத்துக்கொண்டு நாம் மட்டும் தின்பதா என்று தட்டை எடுத்துக்கொண்டு, துணி, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டேன். அங்கே வாஷிங் மெஷின் போக ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருக்கிறது. மெஷின் மேல் தட்டை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். அன்று ராத்திரி இவளும் அப்படியே செய்தாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வோம், ஒருவர் உள்ளே போய் நின்றுகொண்டே முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவோம். சாப்பாட்டு மேஜையில் துவைத்த துணி குவிந்துவிட்டது. ஒளிந்துகொண்டு சாப்பிடுகிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு பெயிண்டர் அண்ணன் வந்தார். குளியலறைச் சுவரில் ஈரம் கசிகிற இடத்தைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தார். சுவரைச் சுரண்டிவிட்டு, காயட்டும் என்று கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்தார். புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட். நான் பதறிவிட்டேன்.

“அண்ணே, இங்க வேணாம். உள்ள போய்ச் சாப்பிடுங்களேன்.”

“உள்ளன்னா எங்க?”

“வாஷிங் மெஷின் இருக்கற இடத்துல.”

“நான் என்னப்பா பாவம் பண்ணேன்?”

“பாப்பா பாக்குறாண்ணே.”

“பாக்கட்டும். என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?” என்று சொல்லிவிட்டு ஒரு கடி கடித்தார்.

என் இடுப்பிலிருந்த மேனேஜர் அசையாமல் பார்த்தாள். அவர் மென்றார். மேனேஜரின் வாய் திறந்தது. அவர் அடுத்த கடிக்கு ரொட்டியைத் தூக்கினார். அவள் உடம்பு மொத்தமும் அந்த ரொட்டியைத் தேடிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. இரண்டு கையையும் நீட்டினாள். எச்சில் ஒழுகி என் கைமேல் விழுந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் குட்டிக்கரணம் போட்டிருப்பாள்.

“பிடிப்பா, பிடி. விட்டா என் வாய்க்குள்ளயே பூந்துடுவா போலிருக்கு. கொஞ்சம் பிச்சுத் தரவா?”

“வேணாம்ணே, தொண்டையில சிக்கிக்கும்” என்றேன். “ஏய், இங்க வந்து பாரு” என்று இவளைக் கூப்பிட்டேன்.

கழுவுகிற இடத்தின் கதவைத் திறந்துகொண்டு இவள் வந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. கையில் பாதி வாழைப்பழம். மேனேஜர் தலையை வெடுக்கென்று திருப்பி, அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். அப்புறம் பழத்தைப் பார்த்தாள். ஆறு மாதமாக இந்த வீட்டில் இப்படியொரு வியாபாரம் நடப்பது தனக்கு ஏன் சொல்லப்படவில்லை என்பதுபோலப் பார்த்தாள்.

பெயிண்டர் அண்ணன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் எங்க சாப்பிடுவீங்க?”

“அங்கதான்ணே” என்று இவள் பழத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள். “ஒருத்தர் மாத்தி ஒருத்தர்.”

“அப்ப இந்தப் புள்ளை மனுஷன் சாப்பிட்டே பாத்ததில்ல. நீங்க ரெண்டு பேரும் காத்தைக் குடிச்சு உயிர்வாழறீங்கன்னு நெனச்சிருக்கும் பாவம்.”

இவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். “நான் என்னென்னவோ நெனச்சிட்டேங்க” என்று குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தை அப்போதும் பழத்தைத்தான் பிடிக்கப் பார்த்தாள்.

உடனே நர்ஸுக்குப் போன் செய்தேன். வாஷிங் மெஷின் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கியிருப்பார். “சரி, நாளைக்கே ஆரம்பிங்க. வேகவெச்சுக் கூழா மசிச்சு, ரெண்டு மூணு ஸ்பூன் போதும். முகத்தைத் திருப்பினா விட்டுடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க. பால் எப்பவும்போல குடிக்கட்டும். அப்புறம், தயவுசெஞ்சு நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேஜையிலிருந்த துணியை எல்லாம் கட்டிலுக்கு மாற்றினோம். ஒரு நாற்காலியை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை. தேடினால் அது பால்கனியில் சோப்புத் தூள் டப்பாவைத் தாங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து, இவள் தன் பாலிலேயே கரைத்து மசித்தாள். நான் மேனேஜரை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

முதல் ஸ்பூனுக்கு முகத்தை அஷ்டகோணலாக்கினாள். பாதி தாடையில் வழிந்தது. இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மூன்றாவதற்கு ஸ்பூன் வருவதற்கு முன்பே வாய் திறந்திருந்தது. நான்காவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விட்டுவிட்டோம்.

அப்புறம் நாங்கள் சாப்பிட்டோம். இவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, ரொட்டியின் ஓரங்களை மட்டும் பிய்த்துத் தட்டின் ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்தாள். அவள் ஓரத்தைக் கடைசியில்தான் சாப்பிடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க?” என்றாள்.

“நீ சாப்பிடு” என்றேன்.

மேனேஜரும் நானும் அவள் முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.