பத்து மொட்டை, இருபது பிள்ளை

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரே அறை. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் சடகோபன் வாத்தியார். நாற்பத்தாறாம் வருஷம் பதிவேட்டில் இருபது பிள்ளைகள் இருந்தோம். அதில் பத்துப் பேர் வாத்தியாரின் கற்பனை.

இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடிவிடுவார்கள். வாத்தியாருக்கு வேலை போகும். அது அவர் பாடு. எனக்கோ மறுநாளே களையெடுக்கும் வேலை வந்துவிடும். "பொட்டப்புள்ள டவுன் வரைக்கும் நடந்து போயி படிக்கணுமா?" என்று நைனா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள் இன்ஸ்பெக்டர் பரந்தாமன் வந்து இறங்கினார். நல்ல நாள் பார்த்தார்! முந்தின நாள்தான் எங்கள் பத்துப் பேருக்கும் மலைமேல் மொட்டை. ஆண், பெண் எல்லாத் தலையிலும் சந்தனம், உடம்பில் வேண்டுதல் மஞ்சள் துணி. பெற்றவளே தடுமாறுவாள். வாத்தியாருக்கு மூளை வேலை செய்தது.

"எல்லாரும் உக்கார இடம் பத்தாதுங்க. முதல்ல ஒண்ணாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும் வரட்டும். அப்பறம் மூணும் நாலும்," என்றார்.

பத்துப் பேரும் போய் உட்கார்ந்தோம். நான் ரெண்டாம் வகுப்பு. இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பி, "ஏழெட்டு எவ்ளோம்மா?" என்றார். விழித்தேன். "ஐம்பத்தாறு" என்று அவரே சொல்லி, மூன்று தடவை என்னைச் சொல்லவைத்தார்.

பின்கதவால் வெளியேறி, சுவரைச் சுற்றி ஓடி, மூன்றும் நாலுமாக முன்கதவால் நுழைந்தோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. கர்மம், மறுபடியும் என்னையே எழுப்பினார்.

"பேரு என்னம்மா? ஏழெட்டு எவ்ளோ?"

"பாஞ்சாலிங்க. ஐம்பத்தாறு! நீங்கதான இப்ப சொல்லிக் குடுத்தீங்க!"

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. களைக்கொத்து கண்முன் வந்து நின்றது. ஓவென்று அழுதேன்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைக் கழற்றினார். உள்ளே அவருக்கும் மொட்டை, சந்தனம் கூட உதிரவில்லை. அதைத் தடவிக்கொண்டே, "அரை மணி நேரத்துல ரெண்டாவதுலேந்து நாலாவதுக்குப் புள்ளைய ஏத்தி வுடறீங்க. இந்தப் பள்ளிக்கூடத்த எப்படிங்க மூடறது?" என்றார். "அடுத்த ஆடிக்குள்ள மிச்சப் பத்துப் பேரத் தேடிப் புடிங்க."

'இருபது பேர். நாலாம் வகுப்பு பாஞ்சாலி கணக்கில் கெட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சர்க்கார் எழுத்தை யார் மாற்றுவது? மறுநாளே வாத்தியார் என்னை நாலாம் வகுப்பில் உட்காரவைத்தார். பள்ளி பிழைத்தது, நானும் பிழைத்தேன். மூன்றாம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது.