சிவப்பு மையில் வெட்டிய ஒரு வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மேசை இழுப்பறையிலிருந்து. ஒரு மாணவி எழுதிய இரண்டு பக்க அறிக்கை அங்கே கிடக்கிறது, என் சிவப்பு மையோடு. நான் கல்லூரியில் அறிக்கை எழுதும் முறையைச் சொல்லிக் கொடுப்பவள். கதை எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்.

முதல் முயற்சி: அன்று ஆய்வகத்தில் ஏதோ ஒரு விபரீதம் காத்திரு— (சீ! மாணவர்கள் யாராவது இப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.)

இரண்டாவது: செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால். வேதியியல் ஆய்வகம், மூன்றாவது மேசை. காஸ் குழாய் தீப்பிடித்ததில் ஒரு மாணவிக்கு மணிக்கட்டு வெந்தது. (பரவாயில்லை. எப்போது, எங்கே, என்ன. போதும்.)

2

பக்கத்து மேசையில் நின்றிருந்த மாணவியிடம் முதல்வர் அறிக்கை கேட்டார். அவள் எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள், மிரண்ட விழிகளோ— இல்லை, பொய். கொட்டாவி விட்டுக்கொண்டுதான் வந்தாள்.

'வானம் இருண்டிருந்தது.' வெட்டினேன். 'எல்லாரும் அலறினார்கள்.'

"எல்லாருமா? எண்ணினியா?"

"ரெண்டு பேர், மேடம்."

"அப்ப ரெண்டு பேர்னு எழுது."

எனக்குக் குஷி வந்துவிட்டது. எப்படியாவது ஒரே பக்கத்துக்குள் அடக்கிவிட வேண்டும். கடைசியில் இந்த வரி இருந்தது: 'வகுப்பு தொடங்குமுன் லேப் அண்ணா என்னிடம், மூன்றாவது மேசைக் குழாய் கீறல் விட்டிருக்கிறது, மாற்றச் சொல்லி ஆபீசில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன் என்றார்.'

"கீறலை நீ பார்த்தியா?"

"இல்ல மேடம், அவர் சொன்னாரு."

"ஆபீஸ்ல அவர் சொன்னப்ப நீ கூட இருந்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பார்த்ததை எழுது. கேட்டதை எழுதாதே."

"அவர் என்கிட்ட சொன்னது நடந்ததுதானே மேடம்? அதை நான் என் காதால கேட்டேனே!"

"வாயாடாதே" என்று சொல்லிவிட்டு வெட்டினேன்.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: அவள் சொன்னதுதான் சரி. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்று எழுதினால் அதுவும் தகவலே. பதினான்கு வருடமாக வகுப்பில் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.)

3

அறிக்கை ஒரே பக்கம். முதல்வர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். 'குழாயைப் பொருத்தியவர் ஆய்வக உதவியாளர்' என்ற வரி மட்டும் அதில் தனியாக நின்றது. அந்த உதவியாளரை, அதாவது லேப் அண்ணாவை, இடைநீக்கம் செய்துவிட்டார்கள். திங்கள் பத்து மணிக்கு விசாரணை. வேலை போய்விடும் என்கிறார்கள் (கேட்டது). ஆபீசில் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லையாம் (இதுவும் கேட்டது).

சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தவர் நடைபாதையில் எதிரே நின்றார்.

"என்ன மேடம், குழாயைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட தெளிவா சொன்னேனே. அது எழுதலையா?"

"தெரியலைங்க" என்றேன்.

வெட்கமாக இருந்தது. இதற்கு உவமை எதுவும் தேடவில்லை.

4

முடிவு ஒன்று: மாணவியே முதல்வரிடம் போய்ச் சொல்கிறாள். (எனக்கு ரொம்ப வசதி. அதனாலேயே வேண்டாம்.)

முடிவு இரண்டு: ஆபீஸ் அலமாரியில் ஒரு பழைய தாள் கிடைக்— (ஆமாம், தாள் தானாக நடந்து வருமாக்கும்!)

முடிவு மூன்று: நான் ஒரு—

சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே ஒரு கடிதத்தைத் தள்ளிப்போடத்தான். இப்போது அதையும் எழுதிவிட்டேன். நான்கே வரி:

'அறிக்கையின் முதல் படியில் இருந்த ஒரு வரியை நான் வெட்டினேன். அது ஆய்வக உதவியாளர் முன்கூட்டியே எச்சரித்தது பற்றியது. மாணவி அதை ஆட்சேபித்தாள். அந்தப் படியை இணைத்துள்ளேன்.'

திங்கள் காலை ஒன்பதரைக்கு முதல்வர் கையில் கொடுத்துவிட்டேன் என்று இங்கே ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் நீங்கள் அதைப் பார்க்கவில்லை. நான் சொல்லிக் கேட்டதுதான். சொல்வதோ, "தெரியலைங்க" என்றவள்.

வெட்டுவதா, விடுவதா? இந்தாருங்கள், பேனா.