நசத்தர் சிங் காலி வண்டி ஓட்டமாட்டார்

நசத்தர் சிங் செத்ததுகூட லோடு இறக்கிய பிறகுதான். குவாஹாத்தியிலிருந்து தேயிலைப் பெட்டிகளோடு வந்தவர், கடைசிப் பெட்டி பஞ்சாபில் எங்கள் ராய்கோட் லாரி யூனியன் கிடங்குத் தரையைத் தொடும்வரை பக்கத்திலேயே நின்றார். வழக்கம்போல லாரியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, "இறக்கியாச்சு" என்றார். பக்கத்திலிருந்த ஆபீசுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ கேட்டார். டீ வருவதற்குள் போய்விட்டார்.

"எமனையே வெயிட்டிங்ல போட்டுட்டு வேலையை முடிச்சிருக்கான்யா" என்று யூனியன் தலைவர் அஜைப் சிங் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வந்த டீயை என்ன செய்வதென்று தெரியாமல், அழுதுகொண்டே அவரே குடித்தார்.

அந்த யூனியனில் நான் முன்ஷி. எந்த வண்டிக்கு எந்தச் சரக்கு என்று எழுதி அனுப்புவது என் வேலை. நசத்தர் காலி வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. போன ஊரில் சரக்கு இறங்கியதும், திரும்பிவர இன்னொரு சரக்கு கிடைக்கும்வரை அங்கேயே கிடப்பார். மகள் பிறந்தபோது நாக்பூரில் ஆரஞ்சுக்காகக் காத்திருந்தார். மைத்துனி கல்யாணத்துக்கு ஒரு வண்டி காலிஃப்ளவரோடு வந்து இறங்கினார். சாலையில் எதிரே ஒரு காலி லாரி வந்தால், சாவு ஊர்வலத்தைப் பார்த்ததுபோல் வாய்க்குள் "வாஹேகுரு" சொல்லிக்கொள்வார்.

மூன்றாம் நாள் காலை அஸ்தியைக் கீரத்பூருக்குக் கொண்டுபோய்ச் சட்லெஜ் ஆற்றில் கரைக்க வேண்டும். மகள் கனடாவில் இருக்கிறாள். பத்தாம் நாள் சடங்குக்குத்தான் வந்து சேர முடியும். அதனால் நசத்தரின் மனைவி சிந்தர் கவுரோடு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். அஜைப் சிங், நான், நசத்தரோடு மாற்றி மாற்றி ஸ்டியரிங் பிடித்த பிக்கர் சிங். நசத்தருடைய லாரியில்தான் போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. தகராறு வேறு.

அஸ்திப் பானையை வெள்ளைத் துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு சிந்தர் கவுர் ஏறப்போனார். பிக்கர் தலையைச் சொறிந்தான்.

"பர்ஜாயி, ஏதாச்சும் கொஞ்சம் ஏத்திக்குவோமே." அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது.

"எதை ஏத்தணும்?"

"எதையாவது. நம்ம அண்ணன் காலி வண்டியில போனதே இல்ல. கடைசியா போறப்ப அவமானப்படுத்துற மாதிரி இருக்கு."

"பிக்கரா, கல்யாணத்தன்னைக்கு இந்த மனுஷன் என்னை எப்படிக் கூட்டிட்டு வந்தாரு தெரியுமா?"

"தெரியும் பர்ஜாயி. உருளைக்கிழங்கு."

"முன்னாடி சிவப்புத் துப்பட்டாவுல நான். பின்னாடி உருளைக்கிழங்கு மூட்டை. வீட்டுக்கு வந்தோமா? இல்ல. நேரா மண்டிக்கு. முதல்ல உருளைக்கிழங்கு இறங்குச்சு, அப்புறம்தான் நான் இறங்கினேன். வாசல்ல எண்ணெய் ஊத்தி என்னை உள்ள கூட்டிட்டுப் போக எங்க மாமியார் விடிஞ்சதிலிருந்து காத்துக்கிட்டு நின்னாங்க." பானையை இறுக்கி அணைத்துக்கொண்டார். "முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட, பின்னாடி ஒண்ணும் இல்லாம என்கூட வந்ததில்ல. இன்னைக்கு வரட்டும். வண்டியை எடு."

அஜைப் சிங் வாயைத் திறந்தார். சிந்தர் கவுர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். காலியாகவே கிளம்பினோம்.

காலி லாரியின் சங்கதி தெரிந்தவர்களுக்குத் தெரியும். பின்னால் கனம் இல்லையென்றால் ஸ்பிரிங் பட்டை அமுங்காது; வண்டி ஆடு மாதிரி துள்ளும். ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. பிக்கர் மெதுவாகத்தான் ஏற்றினான். ஆனாலும் பின்சக்கரம் ஏறி இறங்கியபோது நாங்கள் நால்வரும் கூரையில் தலை முட்டி உட்கார்ந்தோம். பானை சிந்தர் கவுரின் மடியிலிருந்து எழும்பி, கண்ணாடி முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அஜைப் சிங் தாடியோடு சேர்த்து அதைக் கட்டிப்பிடித்தார்.

வண்டி ஓரமாக நின்றது.

"அண்ணன் குதிக்கிறாரு" என்றான் பிக்கர்.

"வாயை மூடு."

"லோடு கேக்குறாரு பர்ஜாயி. வேணும்னா இன்னொரு வேகத்தடை ஏத்திப் பாக்கலாம்."

சிந்தர் கவுர் பானையை வாங்கி, துணி முடிச்சைச் சரிபார்த்தார். அதைப் பார்த்தே பேசினார். "செத்த பிறகும் உம்ம பிடிவாதம் போகல, இல்ல?" பிறகு எங்களிடம், "ஏத்துங்க. பானை உடையாம இருக்கிற அளவுக்கு மட்டும். அதுக்கு மேல ஒரு துரும்பு கூடாது" என்றார்.

யூனியனுக்குத் திரும்பினோம். அங்கே சரக்கு தயாராக இருந்தது. குருத்வாரா சமையலுக்குக் கோதுமை மாவு மூட்டைகள், அது நியாயம். யாரோ ஒருவரின் மகளுக்குச் சீதனமாக இரும்பு அலமாரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால், கழுத்தில் மணியோடு, ஓர் எருமை நின்றது.

"அஜைப் அண்ணே, இது என்ன?" என்றார் சிந்தர் கவுர்.

"எருமை."

"அது தெரியுது. எதுக்கு நிக்குது?"

"வழியில ரோப்பர்ல என் தங்கச்சிக்குக் குடுக்க வேண்டியது. ஒரு வாரமா வண்டி கிடைக்கல." தரையைப் பார்த்தார். "நல்ல கனம் பர்ஜாயி. பட்டை அப்படியே அமுங்கிரும். பானை அசையாது பாருங்க."

சிந்தர் கவுர் பானையோடு முன்னால் ஏறிக்கொண்டார். எருமையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. படித்தவன் பொறுமையாகப் பிடிப்பான் என்று அஜைப் சிங் முடிவு செய்ததால், நசத்தரின் மாலை போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் பயணம் செய்தேன். வண்டி உண்மையிலேயே அசையவில்லை. சம்ராலா தாண்டுவதற்குள் எருமை மாலையைத் தின்றுவிட்டது. படத்தையும் ஒருமுறை நக்கியது. நசத்தரின் மீசை ஒருபக்கம் மினுமினுத்தது. அவருக்கும் அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

ரோப்பரில் எருமை இறங்க மறுத்தது. பிக்கர் இழுத்தான், அஜைப் சிங் தள்ளினார், தங்கச்சி வீட்டார் கையில் வெல்லத்தோடு கெஞ்சினார்கள்.

"ஏறினது இறங்கணும்ல? இந்தப் பிடிவாதக்கார மனுஷனே ஆத்துல இறங்கப் போறாரு, உனக்கென்ன வந்துச்சு?" என்று சிந்தர் கவுர் முன்னாலிருந்து ஓர் அதட்டல் போட்டதும் அது தானாக இறங்கிப் போயிற்று. அலமாரியும் அங்கேயே இறங்கியது. கீரத்பூரில் மாவை ஒப்படைத்தோம். குருத்வாரா கியானி அர்தாஸ் பிரார்த்தனை சொல்ல, சிந்தர் கவுர் படியில் குனிந்து, பானையை மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் வாங்கிக்கொண்டது. அவர் அழவில்லை. "இனிமே எங்க வேணும்னாலும் காத்துக்கிட்டு கிடங்க" என்று மட்டும் சொன்னது எனக்குக் கேட்டது.

கரையேறி வந்தபோது அஜைப் சிங் போனில் இருந்தார்.

"ரோப்பர் யூனியன்ல சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில லோடு கிடைச்சிரும். ராத்திரி என் தங்கச்சி வீட்டுல தங்கிக்கலாம்."

"எதுக்கு லோடு? பானைதான் போயிருச்சே" என்றார் சிந்தர் கவுர்.

"அவன் வண்டி ஒரு தடவைகூட நம்ம யூனியன் கேட்டுக்குள்ள காலியா வந்ததில்ல பர்ஜாயி. காலையில திரும்பினப்பகூட அவனே உள்ள இருந்தான்." அஜைப் சிங் போனைச் சட்டைப் பையில் போட்டார். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் வர விடமாட்டேன். அவனுக்கு வேற என்ன செய்ய முடியும் என்னால?"

"அண்ணே, அவரு ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருந்த ராத்திரி ஒவ்வொண்ணும் வீட்டுல நானும்தான் காத்திருந்தேன். அவரு மரத்தடியில தூங்கினாரு. நான் தூங்கல. இனி ஒரு ராத்திரி என்னால ஆகாது." வண்டியில் ஏறி, கதவை அறைந்து சாத்திக்கொண்டார். "நான்தான் லோடு. எடுங்க வண்டியை."

"ஆளு லோடு ஆகாது பர்ஜாயி."

"யாரு சொன்னது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வருட முன்ஷி வேலையில் இந்தக் கேள்வி வந்ததில்லை. எடை மேடையில் தெரிந்துவிடும் என்றேன்.

சாலையோர எடை மேடைக்காரர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். முதலில் சிந்தர் கவுர் கீழே நிற்க வண்டியை ஏற்றினோம். பிறகு அவரோடு ஏற்றினோம். எடை மேடைக்காரர் இரண்டு எண்ணையும் பார்த்து, கடலையை விழுங்கினார்.

"எண்பது கிலோ சரக்கு இருக்கு. என்ன ஏத்தியிருக்கீங்க?"

"எண்பதா?" சிந்தர் கவுர் ஜன்னல் வழியே பாதி வெளியே வந்தார். "உன் மேடை பொய் சொல்லுது! நல்லாப் பாருய்யா!"

"கம்ப்யூட்டர் மேடை பீபிஜி, பொய் சொல்லாதும்மா."

"கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணு!"

அஜைப் சிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலி இல்ல" என்றார். இன்னொரு தடவை, எங்களுக்கல்ல, ஆற்றின் பக்கம் பார்த்துச் சொன்னார்: "காலி இல்லடா."

பிக்கர் முழு லோடு ஏற்றியவனைப்போல இரும்புக் கம்பியால் டயர் டயராகத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினான்.

வழியெல்லாம் வண்டி துள்ளியது. ஒவ்வொரு குழியிலும் சிந்தர் கவுர் கூரைவரை போய்வந்தார். "மெதுவாடா பாவி" என்று முதல் பத்துக் குழிக்குத் திட்டினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சம்ராலாவில் சிரித்துக்கொண்டே அழுதார். நாங்கள் மூவரும் சாலையைப் பார்த்தோம்.

பொழுது சாயும்போது யூனியன் கேட்டுக்குள் நுழைந்தோம். பிக்கர் பழக்கதோஷத்தில் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"அங்க என்னடா தேடுற? லோடு முன்னாடி இருக்கு."

சிந்தர் கவுர் படியில் கால் வைத்து இறங்கினார். அவருக்கு முன்னால் எதுவும் இறங்கவில்லை. லாரியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"முன்ஷிஜி, எழுதிக்குங்க. இறக்கியாச்சு."

நேராக ஆபீசுக்குள் போய், அதே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரு டீ சொல்லுங்க."

பிக்கர் கடைக்கு ஓடினான். அஜைப் சிங்கும் நானும் நின்ற இடத்திலிருந்து அசையாமல், அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வர நேரமாயிற்று.

"என்ன ரெண்டு பேரும் அப்படிப் பாக்குறீங்க?" என்றார் சிந்தர் கவுர். "நான் குடிச்சிட்டுத்தான் போவேன். சர்க்கரை தூக்கலாப் போடச் சொல்லுங்க."